இறங்குமுகத்தில் இடம் மயங்குதல்
விமானிகளின் வழித்தவறுகள் பற்றிய ஒரு விளக்கம்

அம்மையார்குப்பத்தில் தறியோசை அடங்கிய பிறகுதான் வானத்தின் ஓசை காதில் விழும். நம் இளமைக் காலத்தில், கோடை இரவுகளில் மொட்டைமாடியில் பாய்விரித்துப் படுத்திருக்கையில், வடமேற்கே ஆந்திர எல்லைப் பக்கமிருந்து ஒரு விளக்கு மெல்ல நகர்ந்து வரும். சிவப்பும் பச்சையுமாக இருபுறமும் மின்னிக்கொண்டு திருத்தணி மலைக்கு மேலாகக் கடந்து தென்கிழக்கே மறையும். சென்னைக்குச் செல்லும் விமானம் அது. ஒருநாள் நம் நன்னிமா அதை அண்ணாந்து பார்த்தவாறே, "இத்தனை இருட்டிலே மெட்ராஸ் இருக்கிற இடம் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டியின் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. தமிழ் பயின்று தமிழ் கற்பிக்கும் நாம் விமானவியல் பற்றி எழுதப் புகுந்ததற்கு அக்கேள்வியே காரணம். விபத்து ஆய்வறிக்கைகளைப் படிக்கப் படிக்க, இஃது எந்திரங்களைப் பற்றிய செய்தி மட்டுமன்று, சொல்லையும் பொருளையும் பற்றிய செய்தியும் ஆகும் என்பது நமக்குத் தெளிவாயிற்று.

முதலில் இறங்குதல் என்பது யாது என்று காண்போம். மிக உயரத்தில் பறக்கும் விமானம் ஊர் வந்தவுடன் செங்குத்தாகக் கீழே இறங்குவதில்லை. 35,000 அடி உயரத்தில் வரும் விமானம் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். கிடைமட்டத்திற்குச் சுமார் மூன்று பாகை சாய்வில், ஒரு கடல் மைலுக்கு 300 அடி வீதம் தாழ்ந்து வருவது பொதுவான அளவு. எம் ஊரிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். ஆகவே அன்று நாம் கண்ட விளக்கு ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில், இறங்குமுகத்தில் இருந்திருக்க வேண்டும். மேகம், மழை, இருள் ஆகியவற்றிற்கு நடுவே இவ்வாறு இறங்கிவரும் விமானி ஒவ்வொரு கணமும் இரண்டு வினாக்களுக்கு விடை அறிந்திருக்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன்? எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்? இவ்விரண்டும் தனித்தனி வினாக்கள் போலத் தோன்றும். ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை. 2,000 அடி என்பது கடற்கரையில் பாதுகாப்பான உயரம், மலைநாட்டில் அதுவே மரணம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டென்பது நம் வட்டாரத்தில் சிறுவரும் அறிந்தது. இருட்டில் அப்படிகளில் இறங்கும் ஒருவன் கால் தடவித் தடவி இறங்குவான். படி வந்துவிட்டது என்று எண்ணி ஒரு கணம் முன்னதாகக் காலை நீட்டினால் என்ன ஆகும்? நேபாளத் தலைநகர் காட்மாண்டு விமானத்தளத்தை நெருங்கும் வழி, மலைகளின் காரணமாக, இத்தகைய படிகளாகவே வகுக்கப்பட்டிருந்தது. இத்தனை மைல் தொலைவில் இத்தனை அடிக்குக் கீழே இறங்கலாகாது என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவு. 1992 செப்டம்பர் 28 அன்று கராச்சியிலிருந்து வந்த பாகிஸ்தான் பன்னாட்டு விமானம் இறங்கியபோது, ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்குரிய உயரத்திற்கு முன்னதாகவே தாழ்ந்துகொண்டு வந்தது. ஒரே ஒரு படி முந்தியதால் மலைச்சரிவில் மோதி 167 பேரும் மாண்டனர். விமானத்தில் யாதொரு பழுதும் இல்லை.

இத்தகைய விபத்துகளுக்கு விமானவியலார் ஒரு தனிப்பெயரே வைத்திருக்கின்றனர். விமானியின் முழுக் கட்டுப்பாட்டில், நல்ல நிலையில் பறந்துகொண்டிருக்கும் விமானம், அவர் அறியாமலேயே நிலத்தில் மோதுவது என்பது அப்பெயரின் பொருள். எந்திரக் கோளாறால் விழும் விமானத்தில் விமானி இறுதிவரை போராடுவார். இங்கோ போராட்டமே இல்லை, கடைசி நொடிவரை அறையில் அமைதி நிலவும். நமக்கு மிகுந்த துயரம் தருவது இதுவே.

இடம் அறிதல் என்பது மனிதனின் பழைய கவலை. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையின் உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு, துறை அறியாது செல்லும் மரக்கலங்களை அழைத்தது. அரபுக் கடலோடியான அஹ்மத் இப்னு மாஜித் பதினைந்தாம் நூற்றாண்டில் விண்மீன்களின் உயரத்தை விரற்கடை அளவால் அளந்து கடல்வழி கூறும் நூல் இயற்றினார். சென்னைக்குக் கலம் செலுத்தி வந்த மாலுமிகள் கடலில் இருந்தவாறே நம் நகரி மலையின் மூக்குப்போன்ற சிகரத்தைக் கண்டு துறையை அடையாளம் அறிந்தனர். 'நகரி மூக்கு' என்றே அதற்குப் பெயர். கடலோடிக்கு மலை வழிகாட்டி. வானோடிக்கோ வழிகாட்டும் மலையே பகையாகவும் மாறும்.

இக்கட்டுரையின் நடுவே நாம் வைத்துப் பார்க்க விரும்பும் நிகழ்ச்சி, இலங்கை மலையகத்தில் 1974 டிசம்பர் 4 அன்று நிகழ்ந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட ஹஜ் பயண விமானம் அது. நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்துக்குரிய டி.சி.8 விமானத்தை இந்தோனேசியாவின் கருடா நிறுவனம் அப்புனிதப் பயணத்திற்காக அமர்த்தியிருந்தது. பயணிகள் 182 பேர், பணியாளர் 9 பேர். இடையில் கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கிப் பின் செல்ல வேண்டும் என்பது திட்டம். நான்கரை மணி நேரத்திற்கு மேல் பெரும்பாலும் கடலின்மேல் பறந்து வந்த விமானம், இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்து மேற்குக் கரையிலுள்ள கட்டுநாயக்காவை நோக்கி இறங்கலாயிற்று. கட்டுப்பாட்டு அலுவலர் 2,000 அடி வரை இறங்க இசைவு தந்தார். இலங்கையின் நடுப்பகுதி மலைநாடு என்பதை நாம் அறிவோம். ஆனால் மலைநாட்டைத் தாம் கடந்துவிட்டதாக விமானிகள் கருதினர்.

கடக்கவில்லை. இரவு பத்தேகால் மணியளவில், மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரின் ஐந்தாம் சிகரத்தில், சுமார் 4,300 அடி உயரத்தில் விமானம் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் இன்றளவும் இதுவே பெரியது.

அவ்விடத்திலிருந்து கட்டுநாயக்கா சுமார் 40 கடல் மைல். மேலே கூறிய மைலுக்கு 300 அடிக் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்போம். 4,300 அடி உயரம் என்பது ஓடுதளத்திலிருந்து ஏறத்தாழ 14 மைலில் இருக்கும் விமானத்துக்கு உரிய உயரம். ஆக விமானிகளின் மனத்திலிருந்த இடத்துக்கும் விமானம் உண்மையில் இருந்த இடத்துக்கும் இருபது மைலுக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்திருக்கக் கூடும் என்று நாம் மதிப்பிடலாம். அவ்வேகத்தில் அஃது ஆறேழு நிமிடப் பயணம். மக்கத்தை நோக்கிச் சென்ற 182 பேரின் ஊழ் அவ்வாறேழு நிமிடத்தில் அடங்கிப் போயிற்று.

இம்மயக்கம் எவ்வாறு வந்தது? ஆய்வுக்குழு கூறிய காரணம் கருதத்தக்கது. விமானிகள் தம் இடத்தை அறிய விமானத்திலேயே இருந்த டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தனர், அவை தவறான பொருள்கோளுக்கு இடம் தந்தன என்பது அக்குழுவின் கருத்து. டாப்ளர் கருவி கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும்போது நேரும் மாற்றத்தைக் கொண்டு, விமானம் நிலத்தின்மேல் என்ன வேகத்தில் செல்கிறது, காற்றால் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று அளக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து அந்த வேகத்தைக் கூட்டிக்கூட்டி, இப்போது இங்கே இருக்கிறோம் என்று சொல்லும். இதில் ஓர் இடர் உண்டு. சிறு பிழையும் கூட்டலில் சேர்ந்துகொண்டே போகும். எம் ஊர் நெசவாளர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாவு ஓட்டும்போது ஓர் இழை இடம் மாறினால் முதல் முழத்தில் கண்ணுக்குத் தெரியாது. துணியை அறுத்துக் கீழே விரிக்கும்போதுதான் குறை தலைகாட்டும். அதிலும் அலைபாயும் கடல்நீரின்மேல் டாப்ளர் அளவு நிலத்தின்மேல் போல உறுதியாக அமைவதில்லை. அன்றைய பயணமோ பெரும்பகுதி கடல்.

வானிலை ராடார் மழைமேகங்களைக் காட்டுவதற்கென்று அமைந்தது. அதைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கரை, மலை, நீர்நிலை ஆகியவற்றின் மங்கலான உருவங்கள் திரையில் தோன்றும். அவ்வுருவங்களில் எது எதுவென்று பெயர் சூட்டுவது கருவியன்று, பார்ப்பவர் மனமே. மனமோ தான் எதிர்பார்த்ததையே காணும்.

இதனை நாமே பட்டு அறிந்தோம். கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் ஒரு மார்கழி விடியலில் அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்கு மிதிவண்டியில் புறப்பட்டோம். மூடுபனி. ஒரு கவட்டில் வழி மாறியதை அறியவில்லை. சற்று நேரத்தில் பனியினூடே ஒரு குன்றின் விளிம்பு தெரிந்தது. திருத்தணி மலைதான் என்று உறுதி கொண்டோம். அதன்பின் கண்டதெல்லாம் அவ்வுறுதிக்குச் சான்றாகவே பட்டது. ஒரு புளியந்தோப்பு வந்தது, ஆம் இதுதான் அந்தத் தோப்பு என்றோம். ஒரு தேநீர்க்கடை வந்தது, புதிதாக வைத்திருக்கிறார்கள் போலும் என்று சமாதானம் செய்துகொண்டோம். தெலுங்கில் எழுதிய பெயர்ப்பலகை எதிரே வந்து நின்றபோதுதான் ஆந்திர எல்லைக்குள் வந்துவிட்டது தெரிந்தது. மிதிவண்டியைத் திருப்பினோம், வகுப்பு ஒன்று தவறியது. விமானிக்கு அப்பெயர்ப்பலகை எதிர்ப்படும் இடம் மலைச்சுவராக இருக்கும்.

சப்த கன்னியர் என்றும் அழைக்கப்படும் அம்மலையைச் சூழ்ந்தவை தேயிலைத் தோட்டங்கள். மலையகத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. சிதறிய விமானத்தின் சக்கரம் ஒன்று அருகிலுள்ள நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் நினைவுப்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. அம்மண்ணில் கொழுந்து பறிக்கும் தமிழருக்கு ஜாவாத் தீவின் அப்பயணிகள் மொழியாலும் நாட்டாலும் அயலார். ஆயினும் அவர்களின் நினைவு அம்மலையடியிலேயே தங்கிவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கட்டுநாயக்காவில், இந்தோனேசிய மக்களுக்கு இன்னொரு துயரம் நேர்ந்தது. 1978 நவம்பர் 15. இம்முறை ஹஜ் முடித்து ஜித்தாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள். ஐஸ்லாந்து நாட்டு நிறுவனத்தின் விமானத்தில் 262 பேர் இருந்தனர். இரவு, இடி, மழை. ஓடுதளத்தை எட்டுமுன்பே விமானம் தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 183 பேர் மாண்டனர், 79 பேர் பிழைத்தனர். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கருவிகளில் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்க்கும் முறையைப் பணியாளர் கைக்கொள்ளவில்லை, உரிய உயரத்தில் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழவும் இல்லை என்று இலங்கை ஆய்வு கூறிற்று. ஐஸ்லாந்துத் தரப்பினரோ தரையிலிருந்த வழிகாட்டும் கருவிகளின் குறையையும் கட்டுப்பாட்டு அலுவலர் தந்த செய்தியையும் சுட்டினர். இவ்விரண்டில் ஒன்றே உண்மை என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. பெரும்பாலான விபத்துகளில் பல சிறு பிழைகள் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

இனித் தமிழ்த்துறை மாணவர்க்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருவோம். வானில் உயிரைக் காப்பதும் போக்குவதும் பலவேளைகளில் ஒரு சொல்லாகவே இருக்கிறது.

1966 ஜனவரி 24. 'காஞ்சன்ஜங்கா' என்று பெயரிடப்பட்ட ஏர் இந்தியா போயிங் 707 விமானம் பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக ஜெனிவாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இந்திய அணுவியலின் தந்தை ஹோமி பாபா அதில் இருந்தார். இடமறியும் வானொலிக் கருவிகளுள் ஒன்று பழுதாகியிருந்தது. மேற்கு ஐரோப்பாவின் உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கைத் தாம் பக்கவாட்டில் கடந்துகொண்டிருப்பதாக விமானி கருதி அவ்வாறே தெரிவித்தார். ராடாரில் கண்ட கட்டுப்பாட்டு அலுவலருக்கு அது தவறு என்று தெரிந்தது. அவர் திருத்தினார். எப்படி? மோன் பிளாங்குக்கு ஐந்து மைல் உள்ளது என்றார். விமானி, கிடைத்தது என்று விடை தந்து இறங்கிக்கொண்டே வந்தார். 117 பேரும் மாண்டனர்.

அவ்வாக்கியத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஐந்து மைல் உள்ளது என்றால், இன்னும் ஐந்து மைல் முன்னால் இருக்கிறது, நீ கடக்கவில்லை என்பது அலுவலர் கருதிய பொருள். மலையைக் கடந்துவிட்டோம் என்னும் முடிவில் இருந்தவர் காதில் அதுவே, மலைக்கும் உமக்கும் ஐந்து மைல் இடைவெளி என்று ஒலித்திருக்கலாம். 'நீர் கடக்கவில்லை, இறங்காதீர்' என்ற எதிர்மறை ஏவல் சொல்லப்பட்டிருந்தால் ஐயத்திற்கு இடமே இராது. செய்தியின் சொல்லமைப்பு துல்லியமாக இல்லாமையால் திருத்தம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று ஆய்வுக்குழுவே எழுதியுள்ளது. இரட்டுற மொழிதலைச் செய்யுளுக்கு அணியென்று வகுப்பில் கற்பிக்கிறோம். அவ்வணி வானொலியில் ஏறினால் என்னாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மார்ட்டினேர் விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகில் மற்றொரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஓடுதளத்திற்கு 40 மைலுக்கும் அப்பால் இருக்கும்போதே, நெருங்கி இறங்க இசைவு உண்டு என்று அவ்விமானத்துக்குச் சொல்லப்பட்டது. தடை இருந்தால் அலுவலர் இசைவு தரமாட்டார் என்று விமானி எண்ணினார். தாழ்வதற்குமுன் நிலப்படத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் கடமை என்று அலுவலர் எண்ணினார். ஒரு சொற்றொடருக்கு இருவர் இருவேறு அகராதி வைத்திருந்தனர்.

ஓர் எழுத்தே போதும் என்பதற்கும் சான்று உண்டு. 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியா நாட்டின் காலி நகரை நோக்கி ஒரு போயிங் 757 மலைகளுக்கிடையே நீண்ட பள்ளத்தாக்கினூடே இறங்கியது. 'ரோசோ' என்ற வானொலிக் கலங்கரையை நோக்கிச் செல்ல விரும்பிய விமானி கணிப்பொறியில் அதன் அடையாள எழுத்தாகிய 'ஆர்' என்பதை இட்டார். நிலப்படத்தில் அதுவே அதன் அடையாளம். ஆனால் கணிப்பொறியின் பட்டியலில் அவ்வெழுத்துக்கு உரியது நூறு மைலுக்கு அப்பால் போகோட்டாவுக்கு அருகிலுள்ள 'ரோமியோ' என்ற வேறொரு கலங்கரை. இட்டதைச் சரிபாராது ஏற்றுக்கொண்டனர். எந்திரம் சொன்னதைச் செய்தது. பள்ளத்தாக்கை விட்டு இடப்புறம் மலைகளை நோக்கித் திரும்பியது. 163 பேரில் 159 பேர் மாண்டனர். ஒரே எழுத்து இரு நூல்களில் இரு பொருள் தருமாயின் பதிப்பாசிரியர் பாடபேதம் என்று அடிக்குறிப்பு எழுதுவார். அங்கே அடிக்குறிப்புக்கு நேரமில்லை.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில், இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது, மேலும் தாழ்ந்து, ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்தில் மோதியது. இரு விமானங்களிலுமாக 349 பேர். வளைகுடாவில் பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர் அதில் இருந்தனர். உயரத்தை மீட்டரில் கணக்கிட்டுப் பழகிய பணியாளர்க்கு அடிக்கணக்கும் ஆங்கிலமும் பழக்கத்திற்கு வெளியே இருந்தமை இவ்விபத்தில் பெரிதும் பேசப்பட்டது. பன்னாட்டு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் மொழித்தேர்ச்சித் தேர்வு கட்டாயமாவதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே வழிகோலின.

தமிழ்நாட்டில் இத்தகையது நேர்ந்ததில்லையா எனில், நேர்ந்தது. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இறங்கிவந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், தெளிவில்லாத வானிலையில், அன்றைய மதுரை மாவட்டச் சின்னமனூரை ஒட்டிய மலையில் மோதியது. இருந்தவர் 31, இறந்தவர் 21. மதுரை இன்னும் 50 மைல் தொலைவில் இருந்தது. கதை மாறவில்லை என்பதைத் தவிரக் கூறுதற்கொன்றுமில்லை.

இடம் மயங்குவதெல்லாம் உயிர்ப்பலியில் முடியும் என்றும் எண்ண வேண்டா. பம்பாயில் சாந்தாகுரூஸ் தளத்திற்குச் செல்ல வேண்டிய விமானங்கள், அதற்கு அண்மையில் ஏறத்தாழ அதே திசைநோக்கில் ஓடுதளம் கொண்ட ஜுஹூ என்னும் சிறுதளத்தில் இறங்கிய வேடிக்கை இருமுறை நிகழ்ந்தது. 1953இல் ஆங்கிலேய நிறுவனத்தின் காமெட் விமானம், 1972இல் ஜப்பானிய டி.சி.8. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏறி அமர்ந்துகொண்டு, நம் வீட்டில் ஏன் யாரையும் காணோம் என்று விழிப்பவர் நிலைதான்.

இதுவரை கூறியவை கருவியின் மயக்கம், கண்ணின் மயக்கம், சொல்லின் மயக்கம். நான்காவது ஒன்றுண்டு. பிழையைக் கண்டவர் பேசாதிருத்தல், அல்லது பேசினும் கேளாதிருத்தல்.

2010 மே 22 விடியலில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்நாள்களில் மங்களூர் ராடார் இயங்காத நிலையில் இருந்தது. விமானம் உரிய நேரத்தில் இறங்கத் தொடங்கவில்லை. அதனால் ஓடுதளத்தை நெருங்கும்போது உரிய சாய்வுக்கு மிக மேலே இருந்தது. மலைமேட்டை மட்டமாக்கி அமைத்த ஓடுதளம் அது, அதன் எல்லைக்கு அப்பால் பள்ளம். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்தார் என்பது ஒலிப்பதிவால் தெரியவந்தது. இறங்க வேண்டா, மீண்டும் மேலெழுவோம் என்று துணை விமானி மும்முறை சொன்னார். தலைவர் கேட்கவில்லை. ஓடுதளத்தில் பாதிக்குமேல் கடந்து தரைதொட்ட விமானம் எல்லை தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 158 பேர் இறந்தனர், 8 பேர் தப்பினர். துணை விமானி சொன்னார், ஆனால் விசையைத் தாமே கையில் எடுக்கவில்லை. மூத்தவர் கையிலிருந்து இளையவர் பறிப்பதா?

இவ்வினாவின் கனத்தை நம் வகுப்பறையில் உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பியத்தின் காலத்தையும் அதன் ஆசிரியர் ஊரையும் பிறழக் கூறி, ஒரு மணி நேரம் அதன்மேலேயே விளக்கம் கட்டினோம். அடுத்த வாரம் நூலகத்தில் நம் பிழை நமக்கே தென்பட்டது. வகுப்பில் திருத்திச் சொன்னபோது, பின்வரிசையில் ஒரு மாணவி, "எனக்கு அன்றைக்கே தெரியும் ஐயா" என்றார். ஏன் சொல்லவில்லை என்றோம். "நீங்கள் சொல்லும்போது நான் எப்படி ஐயா..." என்று நிறுத்திக்கொண்டார். தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் போகக்கூடிய பிழை அது, அவ்வளவே. ஆயினும் அம்மாணவியின் முடியாத வாக்கியம் மங்களூர் அறிக்கையைப் படிக்கும்போது நம் காதில் ஒலித்தது. நீங்கள், ஐயா, அவர்கள் என்று மரியாதைக்கு இத்தனை வடிவம் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அவ்வடிவங்களை விடாமலேயே, தவறு என்று சொல்லவும் அதில் வழி இருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் இதற்கென்றே பயிற்சி வகுப்புகள் வைத்துள்ளன. இளையவர் முதலில் ஐயத்தைக் கூற வேண்டும், பின் எச்சரிக்க வேண்டும், கேளாவிடில் கட்டுப்பாட்டைத் தாமே ஏற்க வேண்டும் என்று அங்கே படிப்படியாகப் பழக்குகின்றனர்.

கருவிகளும் வளர்ந்தன. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் என்பார், நிலம் நெருங்குவதை அறிந்து குரலெழுப்பி எச்சரிக்கும் கருவியை உருவாக்கினார். 1974 டிசம்பரின் விபத்துக்குப் பின் அமெரிக்கா அதனைப் பெரிய பயணி விமானங்களில் கட்டாயமாக்கியது. ஆயினும் நேர்கீழே உள்ள நிலத்தை மட்டும் அளந்த அக்கருவிக்கு, எதிரே எழுந்து நிற்கும் மலை தெரியாது. காலி விபத்தில் அது கத்தியபோது சில நொடிகளே எஞ்சியிருந்தன. பின்னர் உலகின் மலைகளையெல்லாம் நினைவில் வைத்து, விண்கோள் தரும் இடக்கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு நிமிட அளவுக்கு முன்பே எச்சரிக்கும் புதிய வகை வந்தது. இவ்வகை விபத்துகள் பெரிதும் குறைந்தமைக்கு இதுவே முதற்காரணம். ஏழு கன்னியர் மலையை நோக்கிச் சென்ற அவ்விமானத்தில் இஃது இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நம் நன்னிமாவின் கேள்விக்கு விடை தேடியதைச் சொன்னோம். அவர்களே பின்னாளில் ஹஜ் சென்று திரும்பினார்கள். சென்னையில் அன்றைக்கு மழை. விமானம் ஓடுதளத்தருகே தாழ்ந்து வந்து, திடீரென்று பேரிரைச்சலோடு மேலெழுந்து, கடற்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுறைதான் இறங்கிற்றாம். இருக்கையில் எல்லாரும் அஞ்சிப்போனார்களாம். "ஓட்டத் தெரியாத பையன் போல" என்று பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவ்விபத்துகளைப் படித்தபின் ஒருநாள் அருகமர்ந்து விளக்கினோம். ஓடுதளம் சரியாகத் தெரியாவிட்டால் இறங்காமல் மேலே போய்விட வேண்டும் என்பதே விதி, உங்களை ஓட்டிவந்தவர் தெரிந்தே அப்படிச் செய்திருப்பார் என்றோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை பேர்கூட எனக்குத் தெரியாதே, துஆவிலே என்னன்னு சொல்லிக் கேட்கிறது?" என்றார்கள்.